பூட்டைக் கொடுத்தீர்கள், பூட்டச் சொல்லவில்லையே: அமெரிக்க காங்கிரஸுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வர்ஜீனியாவில் ரிச்நெக் தொடக்கப் பள்ளியில் 2023 ஜனவரி 6 அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்புப் பையன், வயது ஆறு, அம்மாவின் கைத்துப்பாக்கியால் ஆசிரியையைச் சுட்டான். அவருக்கு ஒரு கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று 2025 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பையனிடம் துப்பாக்கி இருக்கலாம் என்று எச்சரித்தும் அசையாத, பள்ளியின் அன்றைய துணை முதல்வர்தான் பொறுப்பாம். சரி, நியாயம்தான். ஆனால் துப்பாக்கி வந்தது வீட்டிலிருந்து.

அந்த ஆசிரியையின் நிலையைப் பாருங்கள். குண்டு கையைத் துளைத்து மார்பில் பாய்ந்தது. பல அறுவை சிகிச்சைகள். வழக்குப் போட்டால் பள்ளி வாரியம் என்ன சொன்னது? இது பணியிடக் காயம், தொழிலாளர் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு போகலாம் என்றது. ஆறு வயதுக் குழந்தை சுடுவது வாத்தியார் வேலையோடு வருகிற ஆபத்தாம்! நீதிபதி அதை ஏற்கவில்லை. ஆனாலும் இப்படியொரு வாதத்தை வாய்கூசாமல் வைக்கிற நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்தது யார்?

தாய் சிறைக்குப் போனார். உங்கள் கூட்டாட்சிச் சட்டம் அவருக்கு 21 மாதம் கொடுத்தது எதற்கு? கஞ்சா பழக்கத்தோடு துப்பாக்கி வைத்திருந்ததற்கும், அந்தப் பழக்கத்தை மறைத்துத் துப்பாக்கி வாங்கும் படிவத்தில் பொய் சொன்னதற்கும். குழந்தையைக் கவனிக்கத் தவறியதற்கான 2 ஆண்டு, மாநிலச் சட்டம் தந்தது. தோட்டா நிரப்பிய துப்பாக்கி குழந்தை கைக்கு எட்டியது உங்கள் கணக்கிலேயே வரவில்லை.

கைத்துப்பாக்கி விற்கும் கடைக்காரர் பூட்டும் சேர்த்துத் தரவேண்டும் என்று 2005இல் சட்டம் போட்டீர்கள். வாங்கியவர் அதைப் பூட்டவேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. துப்பாக்கி நிறுவனங்கள் மேல் எளிதில் வழக்குப் போட முடியாதபடி காப்பாற்றியதும் அதே சட்டம்தான். என்ன அக்கறை! மாத்திரை டப்பாவுக்குக் குழந்தை திறக்க முடியாத மூடி வேண்டும் என்று 1970லேயே சட்டம் செய்த சபை இது.

மிச்சிகனில் 2000ஆம் ஆண்டு ஆறு வயதுப் பையன் ஒருவன் உடன்படித்த சிறுமியை வகுப்பறையிலேயே சுட்டுக் கொன்றான். துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொல்லும் சட்டம் அந்த மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது 2024இல். ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக ஒரு சாவுக்காகக் காத்திருக்க வேண்டுமா? உங்கள் இரங்கல் அறிக்கைகளில் தேதியை மாற்றினால் போதும், மறுபடி பயன்படும்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்பது ஒன்றுதான்: குழந்தைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பதை நாடு முழுவதும் கட்டாயமாக்குங்கள், பூட்டாதவரைப் பொறுப்பாளி ஆக்குங்கள். இந்தக் கூட்டத்தொடரிலேயே அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தாய்