ஆரம்பாக்கத்து நண்பனுக்கு, கூரை விஷயமாக

கொல்லங்கோடு
ஆவணிக் கடைசி

அன்புள்ள மக்கா,

உன் கடிதமும், மாடியில் ஷீட் கூரை போட உன் ஒப்பந்தக்காரர் கொடுத்த கொட்டேஷனும் கிடைத்தன. வீட்டுப் படங்களை உன் மகள் தனியாக அனுப்பியிருந்தாள். மாடியில் நீ கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறாய். கோணம் ஐடிஐயில் வெல்டிங் ஷெட் வாசலில் நின்ற அதே நிற்பு. தலைமுடி மட்டும்தான் ஊர் மாறிவிட்டது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது நான் சவரம் செய்யாததைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுகிறாள். இளையவன் என்னோடு கூரைத் தொழிலுக்கு வந்துவிட்டான். நான் சாக்பீஸால் தரையில் போடும் கணக்கை அவன் கம்ப்யூட்டரில் போட்டு, அரை அங்குலம் வித்தியாசம் என்று சொல்லி என்னை வெறுப்பேற்றுகிறான். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வேலைகள்தான் அதிகம். அங்கே ஓணத்துக்கு முன்பு ட்ரஸ், அதாவது இரும்புச் சட்டக் கூரை, முடிந்தாக வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிடும். ஓணம் முடிந்த பிறகுதான் மூச்சு விட நேரம் கிடைத்தது. இந்தக் கடிதம் தாமதமானதற்குக் காரணம் அதுதான்.

சரி, கொட்டேஷனுக்கு வருகிறேன். நன்றாகத்தான் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் ஷீட்டின் புராணம். நிறம், பளபளப்பு, பத்து வருட உத்தரவாதம் எல்லாம் இருக்கின்றன. கால்களை எதில், எப்படிப் பிடிப்பது என்பதற்கு ஒரே வரி: ‘தேவையான பிட்டிங்குகளுடன்’. எனக்கு அந்த ஒரு வரியைத்தான் ஒன்றரைப் பக்கமாகப் பார்க்க வேண்டும். ஷீட்டைப் பற்றி அரை வரி போதும்.

நீ எழுதியிருக்கிறாய்: “வெயிட்டான ஷீட்டாகப் போட்டால் புயலுக்கு நிற்கும் அல்லவா?” நிற்காது மக்கா. நல்ல ஷீட்டே ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ வந்தால் அதிகம். புயல் அதை எவ்வளவு இழுக்கும் என்று பார். காற்று வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வைத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6 ஆல் பெருக்கினால் அழுத்தம் நியூட்டனில் வரும். அதைப் பத்தால் வகுத்தால் தோராயமாகக் கிலோ. நம் நாட்டுக் கட்டடத் தரநூல் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதியில் இருக்கும் கணக்கு இது. அதில் ஊர்வாரியாக அடிப்படைக் காற்று வேகமும் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருக்கும் திருவனந்தபுரத்துக்கு 39. உனக்கு வடக்கே நெல்லூருக்கு 50, தெற்கே சென்னைக்கும் 50. வேகத்தில் கால்பங்குக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். அழுத்தத்தில் ஒன்றரை மடங்குக்கும் மேல். இங்கே சதுர மீட்டருக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் கிலோ என்றால், உன் மாடியில் நூற்றைம்பது கிலோ.

அதனால்தான் “நீ உங்கள் ஊரில் போடுவது போலவே சொல்லிவிடு, இங்கே செய்யச் சொல்கிறேன்” என்று நீ கேட்டதற்கு நான் சம்மதிக்கவில்லை. என் அளவுகள் உன் ஊருக்குப் போதாது.

இந்த அழுத்தம் கூரையைக் கீழே தள்ளுவதில்லை, மேலே இழுக்கிறது. சரிவு குறைந்த கூரையின் மீது காற்று ஏறிப் போகும்போது அங்கே உறிஞ்சல் உண்டாகும். உன் மாடி மாதிரி பக்கங்கள் திறந்திருந்தால் அடியிலிருந்து தள்ளலும் சேர்ந்துகொள்ளும். ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் மோசம். முப்பதுக்கு இருபது அடி என்று எழுதியிருக்கிறாய். அறுநூறு சதுர அடி. அந்த நூற்றைம்பது கிலோவை வைத்துத் தோராயமாகப் போட்டாலே எட்டு டன்னுக்கு மேல் இழுப்பு. கூரையின் மொத்த எடை, பைப்பும் ஷீட்டும் சேர்த்து, ஒரு டன்கூடத் தேறாது. மீதி ஏழு டன்னை யார் பிடிப்பது? ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்பான பர்லினை ஸ்க்ரூ பிடிக்க வேண்டும், பர்லின் சட்டத்தை, சட்டம் காலை, கால் அடித்தட்டை, அடித்தட்டு கான்கிரீட்டை. இதில் எது இளகியதோ அங்கே கழன்றுகொள்ளும்.

ஒக்கி புயலுக்குப் பிறகு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2017 நவம்பர் 30. கடலில் இருந்த தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. கரையில் கூரை போனதைப் பற்றிப் பேசவே அப்போது கூச்சமாக இருந்தது. ஆனாலும் தொழில்காரன் கண் சும்மா இருக்குமா? ஒரு வீட்டின் மாடி ட்ரஸ் பக்கத்துத் தென்னந்தோப்பில் கவிழ்ந்து கிடந்தது. ஷீட்டில் ஒரு ஸ்க்ரூகூடக் கழலவில்லை. வெல்டிங் ஒன்றும் விடவில்லை. கால்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு காலின் அடித்தட்டிலும் போல்ட்டோடு சேர்ந்து மூன்று நான்கு செங்கல், பல்லை ஈறோடு பிடுங்கியது போல. கைப்பிடிச் சுவரின் மேல் தட்டு வைத்து போல்ட் அடித்திருக்கிறார்கள். செங்கல்லை அடுக்கிப் பூசிய அந்தச் சுவருக்கு மேல்நோக்கி இழுத்தால் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

உன் படத்திலும் கைப்பிடிச் சுவரின் மேல்தான் குறி போட்டிருக்கிறார்கள், நீலச் சாக்பீஸில். அதை அழிக்கச் சொல். கால்கள் தளத்தில் நிற்க வேண்டும். தளத்திலும் கண்ட இடத்தில் வேண்டாம், கீழே தூண் ஏறி வந்திருக்கும் இடத்துக்கு மேலே, அல்லது உத்திரத்தின் மேலே. வீடு கட்டிய மேஸ்திரி இன்னும் இருந்தால் கூட்டிவந்து காட்டச் சொல்.

இன்னொன்று உன் பக்கத்து மாடிகளுக்கே உரியது. உங்களூரில் கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, அதன் மேல் தட்டையான ஓடு (தட்டோடு) பதிக்கிற வழக்கம் உண்டு. அந்தப் படுகை மட்டுமே மூன்று நான்கு அங்குலம் இருக்கும். நான்கு அங்குல ஆங்கர் போல்ட்டை மேலிருந்து அடித்தால் அது தட்டோட்டையும் சுண்ணாம்பையும்தான் பிடித்திருக்கும், கான்கிரீட்டைத் தொட்டிருக்கவே இருக்காது. முறுக்கும்போது இறுகியது போலத்தான் தோன்றும். எனவே காலுக்குக் கால் அந்தப் படுகையை ஓர் அடிச் சதுரத்துக்கு வெட்டியெடுத்து, கான்கிரீட் தெரிந்த பிறகு காலின் அடித்தட்டை வைத்து, தட்டுக்கு நான்கு போல்ட்டாகப் போட வேண்டும். துளையிட்ட தூளை ஊதி வெளியேற்றாமல் போல்ட் இறக்கினால் பிடிப்பு பாதிதான். பிறகு அந்தக் குழியை நீர் இறங்காமல் அடைக்க வேண்டும். ஒழுகாமல் இருக்கத்தான் கூரை போடுகிறாய், கூரையின் காலே ஒழுக்கைக் கொண்டுவந்தால் உன் வீட்டம்மா என்னைத்தான் திட்டுவாள்.

ஸ்க்ரூ விஷயத்தில் உன் ஆள் சிக்கனம் பார்ப்பார். பார்க்க விடாதே. ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரத்தை 1974 கிறிஸ்துமஸ் அன்று டிரேசி என்ற புயல் அடித்து நொறுக்கியது. பெரும்பாலான வீடுகள் போயின. பிறகு ஆராய்ந்தபோது, பல கூரைகள் ஒரே இழுப்பில் போகவில்லை என்று தெரிந்தது. காற்று விட்டு விட்டு இழுக்க, ஷீட் ஏறி இறங்கி, ஸ்க்ரூவைச் சுற்றித் தகடு களைத்து விரிசல் விட்டு, கடைசியில் ஸ்க்ரூ பைப்பிலேயே நிற்க ஷீட் மட்டும் தலையைத் தாண்டிப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு அங்கே டவுன்ஸ்வில் நகரத்து ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் கூரைகளைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பதற்கென்றே 1977இல் ஒரு சோதனை நிலையம் தொடங்கினார்கள். இதை இளையவன்தான் தேடிப் படித்துக் காட்டினான். கணக்கில் அரை அங்குலம் பிடித்ததை அன்று மன்னித்துவிட்டேன்.

ஆகவே ஓரத்து வரிசைகளிலும் மூலைகளிலும் ஷீட் மடிப்பின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ, அகலமான வாஷரோடு. பர்லின்களை ஓரத்தில் நெருக்கிப் போடச் சொல். நடுவில் நான்கு அடி என்றால் ஓரத்தில் மூன்று. முன்பக்கம் அழகுக்காக மூன்று அடி நீட்டி விடலாம் என்கிறாரே, ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். அந்த நீட்டலில்தான் காற்று முதலில் கை வைக்கும். ஜே போல்ட் போடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதே. இழுப்பில் அந்தக் கொக்கி நிமிர்ந்துவிடும். பைப்பைச் சுற்றிப் பிடிக்கும் யூ போல்ட் வேண்டும். தாழ்ந்த கட்டடங்களைப் புயலுக்குப் பலப்படுத்துவது பற்றி ஐ.எஸ். 15498 என்று தனியாகவே ஒரு வழிகாட்டி 2004இல் வந்திருக்கிறது. இளையவனிடம் சொல்லி அனுப்பச் சொல்கிறேன். கால்களுக்கு இடையே குறுக்குக் கட்டும் இரு திசையிலும் வேண்டும். “மேற்கே மட்டும் கட்டினால் போதும், காற்று அங்கிருந்துதான் வரும்” என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் நினைவிருக்கிறதா? கண் கடக்கும்போது சற்று அடங்கி, பிறகு எதிர்த் திசையிலிருந்து அடித்ததே. புயல் சுழல்வது, அதற்கு ஒரு திசை ஏது?

மூன்று பக்கம் ஷீட்டால் மறைத்து ஒரு பக்கம் திறந்து வைக்கலாம் என்ற உன் யோசனையையும் விட்டுவிடு. திறந்த பக்கத்தில் நுழையும் காற்றுக்கு வெளியே போக வழியிருக்காது. கூரையைத்தான் தூக்கும். எல்லாப் பக்கமும் திறந்திருக்கட்டும், அல்லது எல்லாம் மூடியிருக்கட்டும்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழவேற்காட்டு ஏரி உனக்கு எட்டிப் பார்க்கும் தூரம். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை வெல்டு செய்கிற இடத்தில் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாகப் போய்விடும். அந்த இடம் வெறும் இரும்பு. கசடைத் தட்டி, தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் இரண்டு கை அடித்த பிறகுதான் மேல் பூச்சு. பெரும்பாலும் கசடின் மேலேயே ரெட் ஆக்சைடைத் தடவிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நீயும் வெல்டர்தானே, சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு போ, தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பைப் வாய்களை அடைக்கச் சொல். துளையிட்ட இரும்புத் தூளை அன்றன்று மாலையே ஷீட்டிலிருந்து பெருக்கித் தள்ள வேண்டும். ஓர் இரவுப் பனியில் அது துருப்பிடித்துப் புதுப் பெயிண்டில் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். மழை படாத அடிப்பக்கத்தில்தான் உப்பு தங்கும். மாதம் ஒருமுறை குழாய் வைத்து நல்ல தண்ணீரால் கழுவிவிடு. ஷீட் கனம் 0.5 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறார்களே, அது பூச்சோடு சேர்த்தா, வெறும் தகடா என்று கேட்டு எழுதி வாங்கு.

இத்தனை சொல்லும்போது என் தாத்தா வீட்டுக் கூரைதான் நினைவுக்கு வருகிறது. நாலு பக்கமும் சரிவு, ஓட்டைத் தாங்கப் பனங்கழுக்கோல், ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல் வரும் ஓடு. நாலு பக்கச் சரிவைக் காற்று சுலபமாக உரித்துவிட முடியாது. ஓட்டு இடுக்குகளில் காற்று உள்ளும் புறமும் போய்வருவதால் இழுப்பும் குறைவு. ஒக்கியில் அதில் ஓரத்து ஓடுகள் கொஞ்சம்தான் போயின. நீ எதிர்பார்க்கும் அகல மாடிக்கு அது ஒத்துவராது, செலவும் கட்டாது. ஆனால் சரிவை இன்னும் சற்று ஏற்றி நாலு பக்கமும் இறக்கினால் உன் ஆளுக்கு நான்கு மூலைகளில் வேலை கூடும், அவ்வளவுதான். கேட்டுப் பார்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது ஆவணி முடிகிறது. ஐப்பசிக்குள் ஷீட் வரை ஏறி முடியும் என்று உறுதியாகச் சொன்னால் தொடங்கு. இல்லாவிட்டால் தை பிறக்கட்டும். பாதி ஷீட் போட்டு, பாதி ஸ்க்ரூ அடித்து, “நாளைக்கு வருகிறோம்” என்று ஆட்கள் போன மாடியை விட ஆபத்தானது வேறில்லை. காற்று வீசும் நாளில் யாரையும் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு மேலே ஏற விடாதே. இடுப்புக் கயிறு இல்லாத ஆளை ஓரத்துக்கு அனுப்பாதே. அவர் சிரித்தாலும் பரவாயில்லை.

செலவு கூடும். நீ கடைசியில் கேட்டிருந்தது அதைத்தான் என்று தெரியும். ஷீட்டை ஒரு படி குறைத்துக்கொள், நிறம் எது மலிவோ அதை எடு. மிச்சமாகும் பணத்தைப் போல்ட்டிலும் கால்களிலும் போடு. நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

உன் மகளுக்குச் சூளூர்பேட்டைக் கல்லூரி பிடித்திருக்கிறதா? ரயிலில் போய் வருகிறாளா, விடுதியா? தெலுங்கில் முதல் மதிப்பெண் வாங்கியதாக அம்மாவிடம் சொன்னேன், “நம்ம பிள்ளைக்கு இன்னொரு பாஷையா” என்று பூரித்துப் போனாள். பங்குனியில் கோயில் தூக்கத் திருவிழாவுக்கு வருவதாகப் போன வருடமும் சொன்னாய். இந்த வருடமாவது குடும்பத்தோடு வா, மாடியறை காலியாகத்தான் இருக்கிறது.

அதற்கு முன்பு எனக்கு மூன்று படம் வேண்டும்: கீழ்த்தளத்தில் தூண்கள் நிற்கும் இடம், மாடியில் தட்டோட்டை வெட்டிய குழி, அவர்கள் வாங்கிவைத்திருக்கும் போல்ட்டின் பக்கத்தில் ஓர் அளவுகோல். அவை வரும் வரை முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்