ராத்திரி டியூட்டியில் உன் பக்கத்தில் யார்?

ஏளா,

உன் மெயிலை நேற்று ராத்திரி மூணு மணி வைட்டல்ஸ் எடுத்து முடித்த பிறகுதான் படித்தேன். 85ஆம் கேள்வியோடு என்கிளெக்ஸ் (அங்கே நர்ஸ் லைசென்ஸுக்கு எழுதும் பரீட்சை) திரை அணைந்ததும் காரில் உட்கார்ந்து அழுதாயாமே. கோட்டிக்காரி, குறைந்தபட்சமே அவ்வளவுதானே, பாஸோ ஃபெயிலோ 150 வரை இழுக்காமல் மிஷினுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. விஷயத்தை அம்மாவிடம் சொன்னால், "ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கி விழுவாளே, அவளா நர்ஸு?" என்கிறாள்.

சரி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றும் சின்னது ஒன்றும் ரெசிடென்சிக்கு, அதாவது புது நர்ஸைப் பழக்கும் பயிற்சி வேலைக்கு, கூப்பிடுகிறது, எதில் சேர என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். இங்கே அந்த வார்த்தை டாக்டர்களுக்குத்தான், நமக்கு பி.எஸ்சி. கடைசியில் இன்டர்ன்ஷிப், அது முடிந்தால் நேரே வார்டு. நான் முதலில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாம், ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்த புண்ணியவான்கள்) நாலாம் நாளே என்னை நைட்டில் தனியாக விட்டார்கள். ஒரு தாத்தாவுக்குச் சுகர் 40க்கு இறங்கி வேர்த்துக் கொட்டுகிறது, ஏற்ற வேண்டிய 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை மருந்து) எந்த டிராயரில் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் ஆளில்லை. அந்த இரண்டு நிமிஷம் இன்றைக்கும் கனவில் வரும். தாத்தா பிழைத்து, விடிந்ததும் காப்பி கேட்டார், அது வேறு கதை.

அதனால் சொல்கிறேன், அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கே போ. பெரியது அனுப்பிய காகிதத்தில் கட்டடப் படம் இருக்கிறது, பிரிசெப்டர் (பக்கத்தில் நின்று வேலை பழக்கும் மூத்த நர்ஸ்) பற்றி ஒரு வரி இல்லை. ஒரு வருஷம் என்று போட்டிருந்தாலும் பக்கத்தில் ஆள் நிற்பது சில வாரம்தான், மிச்சமெல்லாம் பெரும்பாலும் மாதம் ஒரு வகுப்பு. எத்தனை வாரம், கடைசி வரை அதே ஆளா, நைட்டிலும் கூட இருப்பாரா என்று இரண்டு இடத்திலும் கேள். அப்புறம் தனியாக விட்டதும் உனக்கு எத்தனை பேஷண்ட்? கலிபோர்னியாவில் ஐசியு என்றால் ஒரு நர்ஸுக்கு 2 பேர், மெடிக்கல் வார்டில் 5 பேர், அதற்கு மேல் கூடாதென்று சட்டமே இருக்கிறது. உன் டெக்சாஸில் அப்படி எண் எதுவும் போடவில்லை, நீதான் வாயைத் திறக்கணும். இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று கையெழுத்துப் போடும் பாண்டையும் படி, பாதியில் விட்டால் முழுப் பணமா, வேலை பார்த்த மாதத்தைக் கழிப்பார்களா என்று.

குற்றாலத்தில் சாரல் விழுகிறதாம், பாளையங்கோட்டைக்குக் காற்று மட்டும்தான் வருகிறது. அம்மா மறுபடியும் கேட்கிறாள், இப்போது ரத்தத்தைப் பார்த்தால் என்ன செய்கிறாய்?