இணைய வகுப்பில் மாணவர் பேச இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை பார்ப்பவர்களும் குடும்பப் பெண்களும் வீட்டிலிருந்தே பட்டம் படிக்க இணைய வகுப்புகள் வழிசெய்திருப்பதைப் பாராட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தப் பாராட்டில் எனக்கும் பங்கு உண்டு. பகலில் முந்திரி ஆலையில் பருப்புத் தரம் பிரித்துவிட்டு, இரவில் புதுக்கடையில் என் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே முதுகலை வரலாறு படிக்கிறேன். எனக்கு வேறு எந்த வழியிலும் இது வாய்த்திருக்காது. ஆனால் அந்தக் கட்டுரை தொடாமல் விட்ட குறை ஒன்று இருக்கிறது. இந்த வகுப்புகளில் மாணவர்களுக்குப் பேச இடம் இல்லை.

உள்ளே நுழைந்ததுமே எங்கள் எல்லோருடைய மைக்கும் அணைக்கப்பட்டுவிடும். கேள்வியை எழுதிக் கேட்கும் பகுதியும் மூடியே இருக்கும். வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் நிர்வாகி மட்டுமே பதிவிட முடியும். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள், ஒப்படைப்பு அனுப்பக் கடைசி நாள், இவ்வளவுதான் அதில் வரும். கூடப் படிப்பவர் எந்த ஊர், என்ன வேலை பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

இதனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். அன்று பாடம் மொழிவாரி மாநிலங்கள். 1953இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அமைந்தது, 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன என்றெல்லாம் பேராசிரியர் தெளிவாகவே நடத்தினார். 1954 ஆகஸ்ட் 11 அன்று இந்த இணைப்பைக் கேட்டுப் போராடியவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் நடத்திய துப்பாக்கிச் சூட்டை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். என் பாட்டி அன்று புதுக்கடையில் இருந்தவர். வெடிச்சத்தம் கேட்டுக் கடைகள் எப்படி அடைத்தன, காயம்பட்டவர்களை யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அதன்பிறகு எத்தனை இரவுகள் ஆண்கள் வீட்டில் தங்கவில்லை என்பதையெல்லாம் அவர் வாயால் கேட்டு வளர்ந்தவள் நான். சொல்ல வேண்டும் என்று நெஞ்சு துடித்தது. திரையில் கை உயர்த்தும் பொத்தான்கூட வேலை செய்யவில்லை.

பருவத் தேர்வு எழுதத் திருநெல்வேலி போனபோதுதான் தேர்வு மையத்து வாசலில் எங்களில் சிலர் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டோம். அங்கேயே எண்களை வாங்கிக்கொண்டு நாங்களாகவே ஒரு குழு தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடிப் பேசுகிறோம். அதில் செங்கோட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய ஊரும் 1956இல் எங்களோடு சேர்ந்து திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. மூணாறு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பத்துப் பெண் ஒருவர் இருக்கிறார். அவர்கள் வாழ்ந்த தேவிகுளம் தாலுகாவைத் தமிழர்கள் கேட்டும் கிடைக்கவில்லை, அது கேரளத்தில் நின்றுவிட்டது. ஒரே மாநில மறுசீரமைப்புச் சட்டம், மூன்று ஊர்கள், மூன்று விதமான வாழ்க்கை. நாங்கள் மூவரும் மாறிமாறிப் பேசிய அந்த மாலையில்தான் அந்தப் பாடம் எனக்கு முழுதாகப் புரிந்தது. இத்தனை பேரும் அந்த வகுப்பிலேயே இருந்தோம். பேராசிரியருக்கு அது தெரிய வழியே இல்லை என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆலைக்குப் புதிதாக வரும் பெண்ணுக்கு முழுப் பருப்பையும் பிளவையும் துண்டையும் பிரிக்க மேற்பார்வையாளர் ஒருமுறை காட்டிக்கொடுப்பார். மீதியை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம்தான் கற்றுக்கொள்கிறாள். படிப்பும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்வியியல் படித்த என் தோழியிடம் இதைச் சொன்னபோது, இதை ஆராய்ந்தே எழுதியிருக்கிறார்கள் என்றாள். கனடாவில் காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற மூன்று அறிஞர்கள் 2000ஆம் ஆண்டிலேயே, இணையவழிக் கல்விக்கு ஆசிரியரின் வழிநடத்தலும் பாடத்தைச் சிந்திப்பதும் மட்டும் போதாது, படிப்பவர்கள் ஒருவருக்கொருவர் உயிருள்ள மனிதர்களாகத் தெரிய வேண்டும் என்று சொன்னார்களாம். அவ்வளவு தூரம் போவானேன்? மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தின் பாடங்களுக்கே காணொலி, வாசிப்புப் பகுதி, தன்மதிப்பீடு, சந்தேகம் தீர்க்கும் கலந்துரையாடல் என்று நான்கு பகுதிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் வகுப்பில் அந்த நான்காவது மட்டும் காணவில்லை.

பல்கலைக்கழகத்தின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் உள்ள குழுவைத் திறந்துவிட்டால் காலை வணக்கப் படங்களும் கட்சிச் செய்திகளும் வந்து குவியும். முக்கிய அறிவிப்பு அடியில் போய்விடும். அறிவிப்புக்கென்று ஒரு குழுவை இப்போது போலவே மூடி வைத்துக்கொள்ளட்டும். அதோடு மாவட்டவாரியாக இருபது, இருபத்தைந்து பேர் கொண்ட சிறு குழுக்களைத் தொடங்கி, வாரத்தில் ஒரு நாளாவது ஓர் ஆசிரியர் வந்து பதில் சொன்னால் போதும். முதல் வகுப்பில் பாடத்தை எடுக்காமல், ஊரையும் வேலையையும் படிக்கக் கிடைக்கும் நேரத்தையும் எல்லோரும் சொல்லும்படி விட வேண்டும்.

பேசுவதென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச வேண்டும் என்றும் இல்லை. எங்கள் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். பேச்சிப்பாறை மலைப்பக்கம் மழை வலுத்தால் மின்சாரமும் போகும், சிக்னலும் போகும். மஸ்கட்டில் வேலை பார்க்கும் குளச்சல்காரர் ஒருவருக்கு எங்களைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் கடிகாரம். எங்கள் வகுப்பு நேரத்தில் அவர் பணியில் இருப்பார். இவர்களெல்லாம் கேள்வியைக் குரல்பதிவாக அனுப்பிவிட்டு, பதிலைத் தமக்கு வசதியான நேரத்தில் கேட்கலாம். எங்கள் குழுவில் தூத்தூர்க் கடற்கரையைச் சேர்ந்த ஒரு தங்கை, தன் பேச்சுநடையைக் கேட்டுப் பிற மாவட்டத்தார் சிரிப்பார்களோ என்று வாயே திறக்காமல் இருந்தாள். குரல்பதிவில்தான் தொடங்கினாள். இப்போது ஞாயிறு கூட்டத்தை நடத்துவதே அவள்தான். நாங்கள் தற்செயலாகச் சந்தித்ததால் அவளுக்கு இது கிடைத்தது. வேறு தேர்வு மையத்துக்குப் போனவர்கள் இன்னும் தனியாகவே படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரும் ஜனவரியில் புதிய சேர்க்கை தொடங்குகிறது. அதற்கு முன்பே இணையவழிப் பட்டப்படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்கள் மாணவர் குழுக்களைப் பற்றி முடிவெடுத்து, சேர்க்கை அறிவிப்பிலேயே அதை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதுகலை வரலாறு மாணவி,
புதுக்கடை, கன்னியாகுமரி மாவட்டம்.