பெருந்தொற்றில் பார்வைக்குத் தப்பிய கழுத்துக் காசநோய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த செய்தியை ராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று அறிவித்ததால் அந்நாள் உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2020இல் அதே நாள் இரவில்தான் நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் நுரையீரல் காசநோயாளிகள் பட்ட துன்பம் குறித்துப் பத்திரிகைகளில் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. கழுத்திலும் தொண்டையிலும் காதிலும் வரும் காசநோய் குறித்து ஏறக்குறைய எவரும் பேசவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவராக அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நம் முன்னோர் கண்டமாலை என்று அழைத்த நோய் பெரும்பாலும் கழுத்து நிணநீர்க் கணுக்களில் வரும் காசநோயே. நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோயில் மிகுதியாகக் காணப்படுவதும் இதுதான். வலி இருக்காது, இருமல் இருக்காது, பலருக்குக் காய்ச்சல்கூட இருக்காது. 'நெறி கட்டியிருக்கிறது, தானாக வற்றிவிடும்' என்று வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே சீழாகி, தோலை உடைத்துக்கொண்டு ஆறாப் புண்ணாகும்போதுதான் மருத்துவரைத் தேடுவார்கள். குரல்வளையில் வந்தால் குரல் கம்மும், விழுங்க வலிக்கும். பார்ப்பதற்குப் புற்றுநோய் போலவே இருக்கும். நடுக்காதில் வந்தால் எவ்வளவு சொட்டு மருந்து விட்டாலும் சீழ் நிற்காது, கேட்கும் திறன் விரைவாகக் குறையும், சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கும். குரல்வளைக் காசநோய் பிறருக்கு எளிதில் தொற்றக்கூடியது என்பதால், அதைக் கண்டறியத் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் குடும்பத்தினரையும் ஆபத்துக்கு உள்ளாக்குகிறது.

இந்நோயை உறுதிசெய்ய ஒருவர் கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், தொண்டைக்குள் கருவி செலுத்திப் பார்க்க வேண்டும், ஊசியால் கட்டியிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் முதலில் நின்றுபோனவை இந்த மூன்றும்தான். தொண்டையையும் மூக்கையும் உள்நோக்கும் பரிசோதனைகள் வைரஸைப் பரப்பக்கூடும் என்று ஒத்திவைக்கப்பட்டன. அன்றைய நிலையில் அந்த எச்சரிக்கை நியாயமானது. அதற்காக நான் எவரையும் குறை கூறவில்லை. ஆனால் தொலைபேசியிலும் காணொளியிலும் நடந்த ஆலோசனையில் கழுத்துக் கட்டியை எவர் தொட்டுப் பார்ப்பார்? காசநோய்க்கென வாங்கப்பட்ட, கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சிபிநாட், ட்ரூநாட் என்னும் மூலக்கூறுப் பரிசோதனைக் கருவிகள் பல இடங்களில் கொரோனா பரிசோதனைக்குத் திருப்பிவிடப்பட்டன. 2021இல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது எங்கள் துறையின் அறுவை அரங்குகள் அதற்கே போதவில்லை.

விளைவு எண்களில் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, புதிதாகக் கண்டறியப்பட்ட காசநோயாளிகளின் எண்ணிக்கை 2019இல் 71 இலட்சமாக இருந்து 2020இல் 58 இலட்சமாகக் குறைந்தது. இந்தச் சரிவில் இந்தியாவின் பங்கு மட்டும் 41 விழுக்காடு. நோய் குறையவில்லை, கண்டுபிடிப்புத்தான் குறைந்தது. அதே ஆண்டு காசநோய் இறப்புகள் பத்தாண்டுகளுக்கும் மேலான காலத்தில் முதன்முறையாக உயர்ந்தன.

2020 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் கொரோனா நோயாளிகளுக்குக் காசநோய்க்கான விசாரணையும், காசநோயாளிகளுக்குக் கொரோனா பரிசோதனையும் செய்யும்படி வழிகாட்டியது. நல்ல முடிவு. ஆனால் கேட்கச் சொன்ன அறிகுறிகள் நான்கு: இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல், நீடித்த காய்ச்சல், உடல் எடை குறைதல், இரவு வியர்வை. கழுத்துக் கட்டி மட்டும் உள்ள இளம்பெண் இந்த நான்குக்கும் 'இல்லை' என்று உண்மையாகவே பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். என் மனத்தை மிகவும் உறுத்துவது இதுதான். கருவி இல்லாமல், செலவில்லாமல், ஒரே கேள்வியால் பிடித்திருக்கக்கூடிய நோய் இது.

சிகிச்சை தொடங்கியவர்களும் வேறொரு வகையில் தவித்தார்கள். மருந்து சரியாக வேலை செய்யும்போதே சிலருக்குக் கட்டி பெரிதாகும், புதிய கட்டியும் தோன்றும். கிருமி மடியும்போது உடலின் எதிர்ப்பாற்றல் காட்டும் எதிர்வினை அது. நேரில் பார்த்து 'பயப்படாதே அம்மா, மாத்திரையை நிறுத்தாதே' என்று சொல்ல ஒரு செவிலியர் இருந்தால் போதும். போக்குவரத்து இல்லாத மாதங்களில் அந்தச் சொல் கிடைக்காமல், மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி நிறுத்தியவர்கள் உண்டு.

வீட்டிலிருந்தபடியே காசநோயைக் குணப்படுத்த முடியும் என்று 1950களின் இறுதியில் உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. அத்தகைய மரபுள்ள தமிழ்நாட்டின் சுகாதாரத் துறையிடம் நான் கேட்பவை அரிதானவை அல்ல. வீடு வீடாகக் காசநோய் விசாரிக்கும் பணியாளர்களின் படிவத்தில், இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட கழுத்துக் கட்டி, குரல் கம்மல், நில்லாத காதுச் சீழ் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். ஊசி மாதிரியை எடுக்கவும், அதில் ஒரு பகுதியைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பவும் வட்ட மருத்துவமனைகளிலேயே வசதி வேண்டும். இனியொரு பெருந்தொற்று வந்தால், எத்தனை மூலக்கூறுப் பரிசோதனைக் கருவிகளைக் காசநோய்க்கே ஒதுக்கி வைப்பது என்பதையும், காது மூக்கு தொண்டை புறநோயாளிப் பிரிவை எந்தப் பாதுகாப்புடன் திறந்து வைப்பது என்பதையும் இப்போதே எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் எவருக்கேனும் கழுத்தில் கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைக் கீறிச் சீழெடுக்க அவசரப்படாதீர்கள்; கீறிய இடம் ஆறாமல் மாதக்கணக்கில் கசியக்கூடும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலோருக்கு ஆறு மாத மாத்திரை போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காது மூக்கு தொண்டை மருத்துவர்,
மதுரை.