நிகழ்ச்சி நடத்தத் தெரிந்த வேட்பாளருக்கு ஒரு மைக் செட்காரர் எழுதுவது

மதிப்பிற்குரிய வேட்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நிகழ்ச்சி நடக்கிற இடங்களில் நாங்கள் எல்லாரும் உங்களை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். நீங்கள் வேட்பாளர் ஆகிவிட்டீர்கள் என்பதற்காக அதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. இங்கேயும் மேடம் என்றே எழுதுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் 27 வருடமாக மைக் செட் கடை வைத்திருக்கிறேன். காது குத்து, கல்யாணம், ஆடி மாசம் கூழ் ஊற்றுவது, மாதா கோயில் கொடியேற்றம், மீலாது விழா, கட்சிக் கூட்டம், சாவு வீடு, எல்லாவற்றுக்கும் என் ஸ்பீக்கர் பாக்ஸ் போகும். நீங்கள் நடத்திய கலை நிகழ்ச்சிகளில் மூன்றுக்கு நான்தான் மைக் கட்டினேன். என் முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, உங்கள் நோட்டு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பச்சை அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு. எந்தக் குழு எத்தனை மணிக்கு வரும், எத்தனை பேர், எத்தனை சாப்பாட்டுப் பொட்டலம், யாருக்கு ஸ்டாண்டு மைக், யாருக்குச் சட்டையில் குத்துகிற மைக், யார் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று கோடு போட்டு எழுதியிருப்பீர்கள். முதல் நிகழ்ச்சி அன்று நாங்கள் மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். விளக்கை எல்லாம் அணைத்தாகிவிட்டது. நீங்கள் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு ஒவ்வொரு குழுவாகத் தேடிப் போய், பணக் கவரைக் கையில் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கினீர்கள். ஒரு பறை ஆசான் வேனில் ஏறிவிட்டார். வேனை நிறுத்தச் சொல்லி ஓடினீர்கள். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டே பார்த்தேன். இத்தனை வருடத்தில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

நீங்கள் தேர்தலில் நிற்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நோட்டுதான். அதனால்தான் போன வாரம் ராயபுரம் கல்மண்டபத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது.

அன்றைக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் உட்கார்ந்திருந்தது நான்தான். "வடசென்னைக்குக் கலையைக் கொண்டுவருவேன், வருடா வருடம் பெரிய திருவிழா நடத்துவேன்" என்று சொன்னீர்கள். கூட்டம் கை தட்டியது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மேடம், கொண்டுவர வேண்டிய நிலையில் கலை என்றைக்கு இங்கே இல்லாமல் இருந்தது?

தியாகராஜ சுவாமிகள் சென்னைக்கு வந்தபோது தங்கிய வீடு பந்தர் தெருவில் இருந்தது. கோவூர் சுந்தரேச முதலியார் வீடு. அங்கிருந்து திருவொற்றியூருக்குப் போய் வடிவுடையம்மனைப் பாடிய ஐந்து கீர்த்தனைகளைத்தான் திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்கிறார்கள். பட்டினத்தார் அடங்கியது அதே திருவொற்றியூர்க் கடற்கரையில். தொண்டியிலிருந்து வந்த சூஃபிப் புலவர் குணங்குடி மஸ்தான் சாகிபைத் தொண்டியார் என்று ஜனங்கள் அழைத்ததால்தான் தண்டையார்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். எங்கள் பக்கத்துக் கானா பாடகர்கள் சித்தர் பாட்டையும் மஸ்தான் பாட்டையும் தங்கள் பாட்டன் சொத்தாகத்தான் நினைக்கிறார்கள். கூத்தும் நாடகமும் என்றால் வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை தியேட்டர். கச்சேரி என்றால் அரண்மனைக்காரத் தெரு கோகலே ஹால். சபா என்று ஊர் இன்றைக்குச் சொல்கிறதே, அதில் பழைய சபாக்கள் பல இந்த ஜார்ஜ் டவுன் சந்துகளில்தான் தொடங்கின. அப்புறம் பணமும் வீடுகளும் மயிலாப்பூர், தி.நகர் பக்கம் போனபோது சபாக்களும் கூடவே போய்விட்டன. பாடுகிறவர்கள் போகவில்லை. பாடுகிற இடம்தான் போய்விட்டது.

இடம் என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் தொழிலே அதில்தான் இருக்கிறது.

ஒலி மாசு பற்றிய விதிகள் 2000-இல் வந்தன. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரத்திலும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். சரி, தேவையான விதிதான். சாவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலேயே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும், கைக்குழந்தை இருக்கும். பத்து அடித்ததும் நானே ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிடுவேன். அதற்குப் பிறகு கானா பாடுகிறவர் வெறும் தொண்டையில் பாடுவார், டோலக்குக்குப் பதில் மடியில் தட்டிக்கொள்வார்கள், விடிகிற வரைக்கும் போகும். ஆனால் அதே விதியில், மூடிய அரங்குக்குள்ளும் கூடத்துக்குள்ளும் நடப்பதற்கு விலக்கு உண்டு. உள்ளே உட்கார்ந்து பாடினால் அது கச்சேரி. தெருவில் நின்று பாடினால் அது போலீஸ் விவகாரம். எங்கள் ஆட்களுக்கு அரங்கம் இல்லாததால் அவர்கள் கலை முழுக்கத் தெருவில் இருக்கிறது. தெருவில் இருப்பதால் முழுக்க யாரோ ஒருவருடைய அனுமதியில் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துத் தெரு ஒன்றில் இளைஞர்கள் சேர்ந்து ஒரு கானா மேடை போட்டார்கள். பத்து மணி வரை அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. 8.45-க்குப் போலீஸ்காரர்கள் வந்து நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். "கானான்னா கலாட்டா வரும்" என்பதுதான் சொன்ன காரணம். கலாட்டா எதுவும் அதுவரை இல்லை, வயசான அம்மாக்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதே வாரம் அதே தெருவில் ஒரு கட்சிக் கூட்டம் பத்து மணி வரை நடந்தது. இரண்டுக்கும் என் பாக்ஸ்தான்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது திருவிழா இல்லை. பெரிய கண்ணாடி மாளிகை மாதிரி அரங்கம் கட்டுங்கள் என்றும் கேட்கவில்லை, அது கட்டி முடிவதற்குள் இந்தப் பையன்களுக்கு வயசாகிவிடும். இருக்கிற சமுதாய நலக்கூடங்களில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் மைக் கட்டிய கூடங்களில் நாலு சுவரும் மொழுக்கென்று இருக்கும், தரை டைல்ஸ். ஒரு தடவை கை தட்டினால் மூன்று தடவை திரும்பி வரும். தபேலா அடித்தால் பாட்டின் வார்த்தை ஒன்று கூடப் புரியாது. அதைச் சரி செய்ய கோடிக்கணக்கில் ஆகாது. பின் சுவரில் ஒலியை உறிஞ்சுகிற பலகை, பக்கத்தில் கனமான துணித் திரை, மேடைக்கு த்ரீ பேஸ் கரண்ட், கதவு பூட்டுகிற ஒரு ஒப்பனை அறை, பெண்களுக்குத் தண்ணீர் வருகிற கழிப்பறை. அவ்வளவுதான். கல்யாணத்துக்கு ஒரு வாடகை, ஒத்திகைக்கு அதில் கால்வாசி என்று வையுங்கள்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய். வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி என்று அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கும்போது 4,000 கோடியைத் தாண்டிவிட்டது. குடிநீர், கழிவுநீர், பள்ளிக்கூடம், எல்லாம் முதலில் வர வேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. அந்தப் பட்டியலின் கடைசியில் இரண்டு கூடத்துக்கு இடம் இல்லாமலா போகும்? எந்தக் கோப்பு எந்த மேஜையில் நிற்கிறது, அதை எப்படி நகர்த்துவது என்று தெரிந்த ஆள் நீங்கள். பேச்சு நன்றாகப் பேசுகிற வேட்பாளர்கள் எங்களுக்கு எப்போதும் கிடைப்பார்கள். மேடைக்குப் பின்னால் நின்று வேலை பார்த்த ஒருவர் நிற்பது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

அந்த ஒலி விதியிலேயே இன்னொன்றும் இருக்கிறது. கலை, மத விழாக்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல், ராத்திரி 10 முதல் 12 வரை ஒலிபெருக்கியை மாநில அரசு அனுமதிக்கலாம். அந்தப் பதினைந்தில் எங்கள் பக்கத்து நாள் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று சட்டசபையில் எழுந்து கேட்க ஆள் வேண்டும்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். ஒரு பொங்கல் சமயம், காசிமேட்டுப் பையன்கள் ஒரு குழுவுக்கு வெளியே ஒரு விழாவில் வாய்ப்புக் கிடைத்தது. காலையில் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை, ராத்திரி பாட்டு. ஒத்திகை பார்த்தது எல்லாம் மீன் பெட்டி அடுக்கி வைத்த கொட்டகையில். நான் மேடையில் மானிட்டர் பாக்ஸை, அதாவது பாடுகிறவருக்காக வைக்கிற ஸ்பீக்கரை, அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "பாடுப்பா, செக் பண்ணிக்கலாம்" என்றேன். பாடுகிற பையன் இரண்டு வரி பாடினான், நிறுத்திவிட்டான். மறுபடி இரண்டு வரி. அப்புறம் மைக்கைக் கீழே இறக்கிவிட்டு என்னிடம் சொன்னான், "அண்ணே, என் குரல் எனக்கே கேக்குதுண்ணே." பத்து வருடமாகப் பாடுகிறான். குழாய் ஸ்பீக்கர் எப்போதும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கும், பாடுகிறவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அன்றைக்குத்தான் தன் குரலை அவன் நேராகக் கேட்டான். அன்று பாடியது மாதிரி அவன் அதற்கு முன்னால் பாடி நான் கேட்டதில்லை.

அந்த விழாவுக்கான பணம் அவர்களுக்கு நான்கு மாதம் கழித்து வந்தது. ஏழு பேர் கொண்ட குழு, ஒருவன் பெயரில்தான் வங்கிக் கணக்கு, அவனிடம் பான் கார்டு இல்லை. 20 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைப் போட்டார்கள். பான் கார்டு இருந்திருந்தால் பாதிதான் பிடித்தம், அதையும் திரும்பக் கேட்டு வாங்கியிருக்கலாம். இது யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. விழா நடத்தியவர்கள் சட்டப்படிதான் செய்தார்கள். ஆனால் அந்த நான்கு மாதமும் பையன்களின் வீட்டு ஆட்கள் என் கடை வாசலில் வந்து "காசு வந்துச்சாண்ணே" என்று கேட்டுவிட்டுப் போனார்கள், நான் ஏதோ வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி.

நீங்கள் ஜெயித்தால் உங்கள் அலுவலகத்தில் மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், கலைஞர்களுக்காக மேஜை போடுங்கள். பான் கார்டு, வங்கிக் கணக்கு, பில் எழுதுவது எப்படி, இதெல்லாம் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் உட்காரட்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இலேயே வந்துவிட்டது. எங்கள் தெருவில் சாவு மேளம் அடித்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். அப்படி ஒரு வாரியம் இருப்பதே அவருக்கு என் மூலமாகத்தான் தெரியும், அதுவும் 60 வயசு தாண்டிய பிறகு. அவர் மாதிரி ஆட்களைத் தேடிப் போய் எழுதிக்கொள்ள ஒரு நோட்டு வேண்டும் மேடம். பச்சை அட்டை போட்டதாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

நீங்கள் இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டால்தான் ஓட்டு என்று நான் பேரம் பேசவில்லை. என் வீட்டில் நாலு ஓட்டு. இரண்டு உங்களுக்கு என்று முடிவாகிவிட்டது, மற்ற இரண்டு பேர் சொந்தப் புத்தி உள்ளவர்கள், நான் சொல்லிக் கேட்க மாட்டார்கள். திருவிழா என்கிற ஒரு வார்த்தையில் உங்கள் வேலையை நீங்களே சுருக்கிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

கடைசியாக, இப்போதே செய்ய வேண்டிய ஒரு காரியம். சனிக்கிழமை உங்கள் ஊர்வலத்துக்கு வண்டியில் மைக் கட்ட என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வண்டிக்கு முன்னால் ஆடி வர ஆறு பேர் மேளம் பேசியிருப்பதாகவும் கேள்வி. உங்கள் ஆட்கள் அவர்களைத் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்து பணம் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆறு பேரில் மூன்று பேர் எண்ணூரிலிருந்து வருகிறவர்கள். ஊர்வலம் தண்டையார்பேட்டையில் முடியும்போது மணி பத்து ஆகிவிடும். அவர்கள் மேளத்தைக் கழற்றிப் பையில் போடுவதற்குள் கவர் அவர்கள் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டை மைக் செட்காரர்