அறிவிப்பை எழுத்தாகக் கொடுங்கள்: அரசு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் பொது அறிவிப்புகளைத் தயாரித்து வெளியிடும் அலுவலர்களுக்கு வணக்கம்.

உதவித்தொகை பெறுபவர்கள் ஆவணங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று எங்கள் பகுதி அலுவலகம் ஒன்று அண்மையில் அறிவித்தது. இணையத்தில் பிடிஎஃப், வாட்ஸ்அப்பில் படம், அலுவலகச் சுவரில் ஜெராக்ஸ் தாள் என மூன்று வடிவங்களில் அது வந்தது. மூன்றில் ஒன்றைக்கூட என் அக்காவால் படிக்க முடியவில்லை. அவருக்குப் பார்வை இல்லை. தமிழில் முதுகலை முடித்தவர். கைபேசித் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதியை வைத்துக்கொண்டு செய்தித்தாள், நாவல், வங்கிக் குறுஞ்செய்தி எல்லாவற்றையும் யார் துணையும் இல்லாமல் படிப்பவர்.

அந்த பிடிஎஃப்பில் தலைப்பாக இருந்த ‘அறிவிப்பு’ என்ற சொல்லை அவர் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக் கேட்டார். ‘எம், டபிள்யூ, பி, டி, பி, ஜி, அரைப்புள்ளி, ஜி’ என்றது கைபேசி. ஏன் என்று உங்களுக்கே தெரியும். அதைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார்கள். நம் கண்ணுக்கு ‘அ’ என்று தெரிவது கோப்புக்குள் ஆங்கில எம்மாகவே கிடக்கிறது. அப்படிப்பட்ட கோப்பில் தமிழில் தேடினால் ஒரு சொல்லும் கிடைக்காது. நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் குப்பைதான் வரும்.

வாட்ஸ்அப் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கச் செயலிகள் இருக்கின்றனவே என்பீர்கள். அதையும் செய்து பார்த்தார். கட்டம் போட்ட பட்டியலில் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கடைசித் தேதியின் மேல் அலுவலக முத்திரை விழுந்திருந்ததால் தேதியே வரவில்லை.

கடைசியில், சுவரில் இருந்த தாளின் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் நல்ல மனிதர். வாசித்துக் காட்டினார். நல்ல கண்பார்வை உள்ள அவரே பாதியில் திணறினார். ஒரே பக்கத்தில் அடக்குவதற்காக எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கி, வரி இடைவெளியையும் குறைத்திருந்தார்கள். மேல் வரியில் இருக்கும் ‘ழு’வின் வால் கீழ்வரியின் ‘கீ’ மேல் இடித்து நின்றது. தேவையான ஆவணங்களின் பட்டியலுக்கு அடியில் இன்னும் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. நகலில் கறுப்புக் கோடாகத் தெரிந்த அதை அவர் விட்டுவிட்டார். ஆதார் நகலில் கையொப்பம் இட்டுத் தர வேண்டும் என்பதே அந்த வரி. அக்கா பேருந்து ஏறிப் போய், வரிசையில் நின்று, கவுண்டரை அடைந்தபோது கிடைத்த பதில்: “நோட்டீஸ்லயே போட்டிருக்கே, படிக்கலையா?”

அக்கா திரும்பி வந்து அழவில்லை, கோபப்படவும் இல்லை. இப்படி நடப்பது அவருக்குப் பழகிவிட்டது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தன் உதவித்தொகை எவ்வளவு, எந்த வங்கி, என்ன குறைபாடு என்பதையெல்லாம் கடையில் நின்ற நாலு பேர் காதுபட ஒருவர் வாசிக்க, அவர் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. படிக்கத் தெரிந்தவரை அந்த நிலையில் நிறுத்தியது அவருடைய கண் அல்ல, நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துரு.

தயவுசெய்து அறிவிப்பை எழுத்தாகக் கொடுங்கள். ஒருங்குறியில் (யூனிகோடில்) கொடுங்கள்; அதில் ‘அ’ கோப்புக்குள்ளும் ‘அ’வாகவே இருக்கும்.

இது புதிய கோரிக்கையும் அல்ல. ஒருங்குறியில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. தமிழ்நாடு அரசே 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. தகவல் எல்லோரும் அணுகும் வடிவில் இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. பணமும் தடையல்ல. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் போன்ற நல்ல எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பாமினியில் அடித்துப் பழகியவர் தன் பழக்கத்தை மாற்றவும் வேண்டாம். அதே விசைமுறையில் ஒருங்குறி அடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. பழைய கோப்புகளுக்கு எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன.

எழுத்தின் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். ‘கி’யையும் ‘கீ’யையும் பிரிப்பது ஒரு சுழி. ‘க’வையும் ‘க்’கையும் பிரிப்பது ஒரு புள்ளி. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். கற்றவர்கள் பொருளை வைத்துப் பிரித்துப் படித்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அந்தக் குறில் நெடிலைப் பிரித்துக் காட்டினார். அச்சு வந்து புள்ளி நிலைபெற்ற பிறகுதான் யார் வேண்டுமானாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் தமிழ் கிடைத்தது. ஆங்கிலத்துக்குப் பொருந்தும் வரி இடைவெளியில் தமிழை அடித்து, அதை நகலெடுத்து, அந்த நகலையும் நகலெடுத்தால் புள்ளியும் சுழியும் போய்விடுகின்றன. மறுபடியும் ஊகித்துப் படிக்கும் நிலைக்கு மக்களைத் தள்ளுகிறீர்கள்.

இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். திறப்பு விழாப் பதாகையில் பிரமுகர்களின் பெயர்கள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. முதியோர் ஓய்வூதிய விண்ணப்பத்தில், எழுபது வயதுக்காரர் படிக்க வேண்டிய நிபந்தனைகள் கடுகளவில் இருக்கின்றன. மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து, சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் எழுத்து, இரு ஓரமும் சமமாக வேண்டும் என்று சொற்களுக்கு நடுவே விடப்பட்ட ஓட்டைகள். யார் படிக்கப் போகிறார்கள் என்ற கேள்வியே இல்லாமல் எத்தனை தாள்கள் வெளிவருகின்றன! தமிழைப் பற்றி மேடையில் இவ்வளவு பேசும் நாட்டில், ஒரு குடிமகளுக்குத் தமிழில் ஒரு பக்கம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது. உங்கள் வேலைச்சுமை எனக்குத் தெரியும். பல அலுவலகங்களில் அறிவிப்பை அடிப்பவர் வெளியில் இருக்கும் டிடிபி கடைக்காரர்தான் என்பதும் தெரியும். ஆனால் கையொப்பமிடுவது நீங்கள். இனி எந்த அறிவிப்பு வந்தாலும், அதன் சொற்களை ஒருங்குறியில் இணையதளப் பக்கத்திலேயே இடுங்கள். படம் வேண்டுமென்றால் அதனுடன் சேர்த்து அனுப்புங்கள், ஆனால் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். அச்சில் 12 பாயிண்டுக்குக் குறையாமல், வரிகள் இடிக்காமல் அடிக்கச் சொல்லுங்கள். தேதியும் ஆவணப் பட்டியலும் இன்னும் பெரிதாக இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன், கோப்பில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இந்த உதவித்தொகை அறிவிப்பை எழுத்தாக மறுபடி வெளியிட்டு, கடைசித் தேதியையும் நீட்டிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அக்காவைப் போல் திரும்பி வந்தவர்கள் இன்னும் எத்தனை பேரோ.

நன்றியுடன்,
பார்வையற்ற ஒரு வாசகியின் தம்பி