2,12,000 ஓடிய வண்டி

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய ஒன்பது படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் நீ "வாங்கலாமாம்மா?" என்று கேட்டபோது சட்டென்று பதில் வரவில்லை. வேண்டாம் என்றுதான் முதலில் வாய் வரைக்கும் வந்தது. 14 வருட வண்டி, 2,12,000 கிலோமீட்டர் ஓட்டம், மூன்றாவது கை. ஆனால் வேலை முடிந்து நீ நடுராத்திரியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நிற்பும் என் கண்ணில் இருக்கிறது. போனில் அவசரப்பட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டாம் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த எண்ணைப் பார்த்து முதலில் மிரளாதே. 14 வருடத்துக்கு 2,12,000 என்றால் வருடத்துக்குச் சுமார் 15,000. சாதாரண ஓட்டம்தான். அது எப்படிச் சேர்ந்தது என்பதுதான் விஷயம். நீண்ட சாலையில் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடிச் சேர்ந்தது என்றால், அந்த இஞ்சின் ஏறக்குறைய 3,500 மணி நேரம் உழைத்திருக்கிறது. நெரிசலில் 20 கிலோமீட்டர் சராசரியில் ஊர்ந்து சேர்ந்தது என்றால் 10,600 மணி நேரம். மீட்டரில் இரண்டும் ஒரே எண்தான். இரண்டாவது வண்டியில் கிளட்ச் எத்தனை ஆயிரம் முறை கூடுதலாக மிதிபட்டிருக்கும், பிரேக் எத்தனை முறை பிடித்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி இரண்டு கிலோமீட்டர் வருகிற ஓட்டம் இன்னும் கெடுதல். ஆயில் நன்றாகச் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடும். ஆயிலில் சேர்கிற ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் அங்கேயே தங்கும். அதனால் விற்பவரிடம் எவ்வளவு ஓடியது என்று கேட்காதே, அது மீட்டரிலேயே இருக்கிறது. யார் ஓட்டினார்கள், தினமும் எங்கே போய் வந்தார்கள் என்று கேள்.

அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்று ஒரு பள்ளி ஆசிரியர், 1966இல் வாங்கிய வோல்வோ பி1800 காரை 2013 வரை ஓட்டி 30 லட்சம் மைலைத் தொட்டார். நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர். கின்னஸ் பதிவில் இருக்கிற வண்டி. அதைப் படித்ததிலிருந்து ஓட்டம் அதிகமான வண்டி என்றாலே முடிந்த வண்டி என்று நான் நினைப்பதில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடாதே: அந்தக் கார் கடைசி வரை அவர் ஒருவர் கையில் இருந்தது. எந்த நாளில் என்ன மாற்றினோம் என்பது அவருக்குத் தெரியும். நீ பார்க்கிற வண்டியோ மூன்று பேர் கையில் இருந்திருக்கிறது. முதல் இரண்டு பேர் என்ன செய்தார்கள் என்பது மூன்றாவது ஆளுக்கே தெரியாமல் இருக்கலாம்.

உன் படங்களில் எனக்குப் பிடித்தது நான்காவது. பிரேக் பெடலின் ரப்பர் ஓரம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, ஸ்டியரிங்கின் மேல்பகுதி பளபளக்கிறது, ஓட்டுநர் சீட்டின் வெளி ஓரம் அமுங்கியிருக்கிறது. 2,12,000 ஓடிய வண்டி அப்படித்தான் இருக்க வேண்டும். மீட்டர் 70,000 என்று காட்டி, பெடல் இப்படித் தேய்ந்திருந்தால்தான் நான் பயப்படுவேன். இந்த வண்டி தன் வயதை மறைக்கவில்லை. எனக்கு அதில் ஒரு நிம்மதி.

நிம்மதி இல்லாதது ஏழாவது படம், சர்வீஸ் காகிதங்கள். கடைசி இரண்டு வருடத்து ரசீதுகள் மட்டும் இருக்கின்றன. அதற்கு முந்தைய 12 வருடம் வெறுமை. அதனால்தான் உனக்கு நான் இதுவரை முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது நம்மிடம் ஒரு சாம்பல் நிற வண்டி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நாலு மாதம்தான் இருந்தது. அதுவும் இப்படித்தான், நல்ல விலைக்கு வந்தது. விற்றவர் "பெல்ட்டெல்லாம் மாத்தியாச்சு" என்றார். எந்த பெல்ட் என்று நான் கேட்கவில்லை. அவர் மாற்றியிருந்தது வெளியே தெரிகிற, டைனமோவைச் சுற்றுகிற பெல்ட். உள்ளே மூடிக்குள் இருக்கிற டைமிங் பெல்ட் வண்டி வந்த நாளிலிருந்து அப்படியே கிடந்திருக்கிறது. ஒரு நாள் முன்னால் போன லாரியை முந்தப் போனேன். பாதியில் இஞ்சின் செத்துவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், ஒன்றுமே நடக்கவில்லை. நீ பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். எப்படியோ ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். என் கை நடுங்கியது நிற்க ரொம்ப நேரம் ஆனது. நீ எழுந்து "ஏம்மா நின்னுட்டோம்?" என்றாய். வண்டிக்கு உடம்பு சரியில்லை என்றேன்.

அந்த பெல்ட்தான் பிஸ்டன் மேலே வரும்போது வால்வு கீழே இறங்காமல் இரண்டையும் தாளம் தப்பாமல் வைத்திருக்கிறது. அது அறுந்தால், பல இஞ்சின்களில் பிஸ்டன் வந்து வால்வில் மோதும். மெக்கானிக் வளைந்த வால்வுகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சரி செய்ய ஆகும் செலவு நாங்கள் வாங்கிய விலையைத் தாண்டியது. கடனை வைத்துக்கொண்டு வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டோம்.

அதனால் உன் வண்டிக்கு முதல் கேள்வி: இதில் இருப்பது டைமிங் பெல்ட்டா, செயினா? பெல்ட் என்றால் எப்போது மாற்றினார்கள், ரசீது எங்கே? எத்தனை கிலோமீட்டருக்கு, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அந்தந்த இஞ்சினுக்குத் தயாரிப்பாளர் கணக்கு வைத்திருப்பார். இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போதே மாற்ற வேண்டும். ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமை அடையும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள். வண்டி விலையோடு பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றின் செலவையும் கூட்டிக்கொள். பெல்ட்டுக்காக அவ்வளவையும் கழற்றும்போது பம்பையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்தி. செயின் என்றால் நிம்மதி, ஆனால் முழு நிம்மதி இல்லை. ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் செயின் நீண்டுபோய், காலையில் ஸ்டார்ட் செய்த சில நொடிகள் கடகடவென்று சத்தம் போடும்.

அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டுமென்றால் இஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. "நான் வந்து பார்க்கிற வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடு. போனதும் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை உன்னிடமிருந்து மறைக்கிறார்கள் என்று அர்த்தம் ஆகாது. ஆனால் நீ பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியாது. வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வா.

குளிர்ந்த இஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திற. சூட்டில் மட்டும் திறந்துவிடாதே, கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும். உள்ளே இஞ்சினைக் குளிர்விக்கிற கூலண்ட் திரவம் நிறம் மாறாமல் தெளிவாக இருக்க வேண்டும். துருத் தண்ணீராகக் கலங்கியிருந்தால் யாரும் கவனிக்கவில்லை. எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஆயிலும் கூலண்டும் கலக்காமல் அடைத்து வைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு உண்டு. பிறகு ஆயில் அளவு பார்க்கிற கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, உருவிப் பார். ஆயில் கறுப்பாக இருப்பது தப்பில்லை, அது வேலை செய்த அடையாளம். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு இருந்தால் அது குறைந்த தூர ஓட்டத்தின் ஈரமாகவும் இருக்கலாம், பதற வேண்டாம்.

இப்போது யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீ சைலன்சர் பக்கம் போய் நில். குளிரில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து, இஞ்சின் சூடானதும் மறைந்தால் சரி. மறையாமல் இனிப்பு வாசனையோடு வந்துகொண்டே இருந்தால் கூலண்ட் எரிகிறது. நீலப் புகை என்றால் வண்டி ஆயில் குடிக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் ஒரே ஒரு நீல மூச்சு விட்டு நின்றால் வால்வு சீல் பழசு. அதோடு காலம் தள்ளலாம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க நீலம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். பெரிய இஞ்சின் வேலை, அங்கேயே விட்டுவிடு.

சாவியைத் திருகும்போது டாஷ்போர்டில் இஞ்சின், ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) விளக்குகள் மூன்றும் எரிந்து, இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாத விளக்கைவிட எரியவே எரியாத விளக்கு எனக்குப் பயம். யாராவது பல்பைப் பிடுங்கியிருக்கலாம். மெக்கானிக்கிடம் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் இருந்தால் மாட்டச் சொல். பழுதுக் குறிப்புகளை முந்தின நாள்தான் அழித்தார்கள் என்றால் அதுவும் தெரியும், வண்டியின் சுயசோதனைகள் இன்னும் முடியாமல் கிடக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோவை அணைத்துவிடு. மேல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே சட்டென்று ஆக்சிலேட்டரை அழுத்து. இஞ்சின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வட்டம் போட்டால் டக் டக் என்று கேட்கக் கூடாது. காலியான நேர்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. தரையைப் பிடிக்கிற பட்டன் நன்றாக இருந்தாலும் ரொம்பப் பழைய டயரோடு உன்னை நெடுஞ்சாலையில் விட எனக்கு மனசில்லை.

ஏர்பேக்கைப் பற்றி ஒன்று. தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் பல கோடி வண்டிகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. உள்ளே இருக்கும் வேதிப்பொருள் பல வருட வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விபத்தில் உலோகத் துண்டுகளை முகத்தை நோக்கி வீசக்கூடும். உன் வண்டியின் வயது அந்தக் காலத்துக்குள் வருகிறது. எழுத்தும் இலக்கமுமாக 17 இடம் கொண்ட சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்தால் மாற்ற வேண்டியது பாக்கி இருக்கிறதா என்று சொல்வார்கள், இலவசமாக மாற்றித் தருவார்கள். அதே எண் பதிவுச் சான்றில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்றும் பார். வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடு.

துருவுக்கு உன் கண் போதாது. மெக்கானிக் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடியில் பார்க்கட்டும். விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக் வேண்டாம், நீயே ஒருவரைத் தேடிக் கூலி கொடுத்துக் கூட்டிப் போ. அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

பணத்தைப் பற்றி நாம் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். இந்த வண்டியின் விலை இறங்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே இறங்கிவிட்டது, அதுதான் இதன் நல்ல குணம். புது வண்டி முதல் சில வருடத்தில் இழக்கிற மதிப்பை நீ இழக்க மாட்டாய். ஆனால் வாங்கும் விலையில் பாதியாவது தனியாகக் கையில் இருந்தால்தான் வாங்கு. பெல்ட், டயர், பேட்டரி, பிரேக், ஷாக் அப்சார்பர் என்று முதல் வருடத்திலேயே வரிசையாகக் கேட்கும். கையில் இருப்பதையெல்லாம் துடைத்து வண்டிக்குக் கொடுத்துவிட்டு, முதல் பழுதுக்குக் கடன் வாங்குவதுதான் நாங்கள் செய்த தப்பு. கடன் வாங்கி இதை வாங்கவே வாங்காதே. எந்தச் செலவு வந்தால் நிறுத்திக்கொள்வாய் என்பதையும் இப்போதே, வண்டி மேல் ஆசை வைக்கும் முன்பே, எழுதி வைத்துக்கொள்.

இன்னொரு கேள்விக்கு நீ மட்டும்தான் பதில் சொல்ல முடியும். ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது அது ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் உனக்கு வேறு வழி இருக்கிறதா? பஸ்ஸோ, கூட வேலை செய்பவரோ, யாராவது ஒருவர்? இருந்தால் இந்த மாதிரி வண்டியோடு நிம்மதியாக வாழலாம். இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இது உனக்கானது இல்லை.

என் முடிவைக் கேட்டாய். குளிர்ந்த இஞ்சினில் புகை சரியாக இருந்து, அடியில் துரு இல்லாமல், பெல்ட் செலவையும் விலையில் குறைத்துக் கொடுத்தால், வாங்கு என்றுதான் சொல்வேன். இப்படிச் சொல்வேன் என்று எழுத உட்கார்ந்தபோது எனக்கே தெரியாது. அந்தத் தேய்ந்த பெடல்தான் என்னை மாற்றியது.

சனிக்கிழமை நீ பார்க்கப் போகும்போது பானெட்டைத் திறந்து, டைமிங் மூடியின் மேலேயும் பக்கத்திலும் டார்ச் அடித்துப் பார். பெல்ட் மாற்றிய மெக்கானிக் சிலர் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கரில் எழுதியோ ஸ்டிக்கராக ஒட்டியோ வைப்பார்கள். இருந்தால் அதைப் படம் எடுத்து அனுப்பு. இல்லையென்றாலும் அந்த மூடியைப் படம் எடுத்து அனுப்பு. போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா